ஒரே ரெப்போ, பல ஃபோல்டர்: கிட் ஒர்க்ட்ரீ கேள்வி பதில்

கேள்வி: கிட்டில் (கோடின் மாற்றங்களைப் பதிவுசெய்யும் கருவி) வேலை செய்கிறேன். அவசர பக் வரும்போதெல்லாம் பாதி வேலையை ஸ்டாஷ் போட்டு (தற்காலிகமாக ஒதுக்கி வைத்து), பிராஞ்ச் (வேலையின் தனிக் கிளை) மாறி அலுத்துவிட்டது. ரெப்போவை (கோடும் ஹிஸ்டரியும் இருக்கும் களஞ்சியம்) இரண்டாவது முறை க்ளோன் செய்து (முழுசாக நகலெடுத்து) வைத்துக்கொள்ளட்டுமா?

பதில்: க்ளோன் தேவையில்லை. 2015-இல் வந்த கிட் 2.5 முதலே ஒர்க்ட்ரீ இருக்கிறது: ஒரே ரெப்போவின் வெவ்வேறு பிராஞ்சுகளைத் தனித்தனி ஃபோல்டரில் திறந்து வைக்கும் வசதி. 'கிட் ஒர்க்ட்ரீ ஆட்' என்று அடித்து, ஃபோல்டர் பாதையும் பிராஞ்ச் பெயரும் கொடுங்கள். ஹிஸ்டரி பொது என்பதால் ஒரு முறை ஃபெட்ச் செய்தால் (சர்வரில் உள்ள புது மாற்றங்களை எடுத்தால்) எல்லா ஃபோல்டருக்கும் போதும். ஹெட் (இப்போது நிற்கும் இடம்), இண்டெக்ஸ் (அடுத்த கமிட்டுக்குத் தயார் செய்தவை) ஃபோல்டருக்கு ஃபோல்டர் தனித்தனி. ஸ்டாஷும் பொதுதான், அதில் மட்டும் கவனம்.

கேள்வி: ஃபோல்டருக்கு பிராஞ்ச் பெயரையே வைக்கலாமா அண்ணா?

பதில்: நானும் அப்படித்தான் தொடங்கினேன். இரண்டே வாரத்தில் 'லாகின்' ஃபோல்டருக்குள் பேமெண்ட் பிராஞ்ச் உட்கார்ந்திருந்தது. பெயரை நம்பித் தவறான பிராஞ்சில் கமிட் போட்டேன். பிராஞ்ச் வரும் போகும், ஃபோல்டர் அங்கேயே இருக்கும். அதனால் அங்கே நடக்கும் வேலையின் பெயரை வையுங்கள். என் ப்ராஜெக்ட் 'கடை' என்பதால்: கடை-மெயின், கடை-ரிவ்யூ, கடை-அவசரம். எனக்கு இந்த மூன்றே போதுகிறது.

இன்னொரு காரணமும் உண்டு. கிட் கண்காணிக்காத கோப்புகள் புது ஒர்க்ட்ரீக்கு வராது. நோட் மாட்யூல்ஸ் (இன்ஸ்டால் செய்த பேக்கேஜ்கள்), என்வ் ஃபைல் (அந்தக் கணினிக்கான அமைப்புகள்) எல்லாம் மறுபடி போட வேண்டும். பிராஞ்சுக்கு ஒரு ஃபோல்டர் என்று போனால் இன்ஸ்டால் செய்வதிலேயே பொழுது போய்விடும். அப்புறம், பாதையை மட்டும் கொடுத்து பிராஞ்சைச் சொல்லாமல் விட்டால், ஃபோல்டரின் கடைசிப் பெயரிலேயே புது பிராஞ்ச் உருவாகும். 'டெஸ்ட்2' என்று அவசரத்தில் வைக்காதீர்கள்.

கேள்வி: மெயின் பிராஞ்ச் ஏற்கெனவே வேறு ஒர்க்ட்ரீயில் இருக்கிறது என்று எரர் வருகிறது. ஃபோர்ஸ் போட்டு கட்டாயப்படுத்தித் திறக்கலாமா?

பதில்: தயவுசெய்து வேண்டாம். ஒரே பிராஞ்ச் இரண்டு ஃபோல்டரில் திறந்திருக்கும்போது ஒன்றில் கமிட் செய்தால், மற்றதில் அந்த மாற்றங்களை நீங்களே திருப்பி அழித்ததுபோல் ஸ்டேட்டஸ் காட்டும். அதைக் கமிட் செய்தால் வேலை போச்சு. சும்மா பார்ப்பதற்கு என்றால் 'டிட்டாச்' (எந்த பிராஞ்சுடனும் இணைக்காமல் திறக்கும் வழி) சேர்த்துத் திறங்கள்.

கேள்வி: ஃபோல்டரை நேரடியாக டெலீட் செய்துவிட்டேன். ஒர்க்ட்ரீ லிஸ்டில் இன்னும் காட்டுகிறது.

பதில்: 'கிட் ஒர்க்ட்ரீ ப்ரூன்' கொடுங்கள், லிஸ்டிலிருந்து போய்விடும். பிராஞ்சில் போட்ட கமிட்கள் முதன்மை ரெப்போவில் பத்திரமாக இருக்கும். கமிட் செய்யாதது போனதுதான். அடுத்த முறை 'கிட் ஒர்க்ட்ரீ ரிமூவ்' பயன்படுத்துங்கள். கமிட் ஆகாத மாற்றம் இருந்தால் அது நீக்க மறுத்துவிடும்.