அயல் பிள்ளைகள் ஏன் வரவில்லை?

கேள்வி: எங்கள் தேவாலய இளைஞர் குழு ஆகஸ்ட் விடுமுறையில் ஊர்ப் பிள்ளைகள் எல்லாருக்கும் விளையாட்டு, சித்திரம், பாட்டு என்று ஒழுங்கு செய்தது. அயலில் உள்ள இந்து, முஸ்லிம் வீடுகளுக்கும் நோட்டீஸ் கொடுத்தோம். வந்தது எங்கள் சபைப் பிள்ளைகள் மட்டும்தான். என்ன செய்யலாம் அக்கா?
- வாசகர், திருகோணமலை

பதில்: தம்பி, நீங்கள் அனுப்பிய நோட்டீஸைப் பார்த்தேன். காலை பத்து மணிக்கு, வெட்ட வெளியில்! கச்சான் காற்று அனலாக அடிக்கிற மாதத்தில் எந்தத் தாய் விடுவாள்? பின்னேரம் நாலரைக்குத் தொடங்குங்கள். வெள்ளிக்கிழமை வேண்டாம். ரியூசன் நேரத்தையும் விசாரியுங்கள், உங்களுக்கு உண்மையான போட்டி அதுதான்.

மூலையில் பொடி எழுத்தில் 'ஜெபத்துடன் ஆரம்பமாகும்' என்று இருக்கிறது. பெற்றோர் அதைத்தான் முதலில் வாசிப்பார்கள். ஜெபம் உண்டா இல்லையா என்று வீடு வீடாகப் போய் நேரே சொல்லுங்கள். என்னைக் கேட்டால் வேண்டாம், அதற்கு ஞாயிறு இருக்கிறதே. சாப்பாட்டிலும் இறைச்சி வேண்டாம். அவித்த கடலையும் தேசிக்காய்த் தண்ணியும் என்றால் யாரும் யோசிக்காமல் வாங்குவார்கள்.

ஒருநாள் எல்லாரையும் உங்கள் ஊர்க் கோட்டைக்குள் கூட்டிப் போங்கள், அங்கே திரிகிற மான் பார்க்கவே பிள்ளைகள் வருவார்கள். 1622இல் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்ததையும், அந்தக் கற்கள் கோட்டை கட்டப் போனதையும் மறைக்காமல் சொல்லுங்கள். தேவாலயக்காரர் வாயால் அதைக் கேட்டால் பெற்றோரின் பாதிச் சந்தேகம் போய்விடும்.

பிறகு, சபைக்கு வெளியே உள்ள இரண்டு அம்மாமாரைக் குழுவில் சேருங்கள். நேரசூசி போடும்போதே கூப்பிடுங்கள், கடலை அவிக்க மட்டும் அல்ல.