குழாயில் கிராக் இருக்கிறதா என்று பார்க்க எக்ஸ்ரே மட்டும் போதுமா?

போதாது. சேலத்தில் வெல்டிங் சோதனை வேலை பார்க்கிறேன், ஆலைக்காரர்கள் இதை அடிக்கடி கேட்பார்கள். ஃபிலிம் கையில் இருந்தால் அவர்களுக்கு ஒரு தெம்பு. ஆனால் எக்ஸ்ரேயும் சரி, இரிடியம்-192 என்ற கதிரியக்கப் பொருளை வைத்து எடுக்கும் காமா படமும் சரி, உலோகத்தின் கனம் எங்கே குறைகிறது என்பதைத்தான் காட்டும். வெல்டுக்குள் காற்றுக்குமிழி, கசடு இருந்தால் பளிச்சென்று தெரியும். கிராக் கதிரின் திசையிலேயே நின்றால்தான் கறுப்புக் கோடாக விழும். நன்றாகச் சாய்ந்திருந்தால் சுவடே இருக்காது.

உள்ளே இருக்கும் கிராக்குக்கு யூ.டி., அதாவது அல்ட்ராசோனிக் (மீயொலி) சோதனைதான் சரி. குழாயில் ஜெல் தடவி, புரோபை (ஒலி அலையை அனுப்பி வாங்கும் கருவியை) வைத்து 45, 60, 70 டிகிரி சாய்வில் ஒலி அலையை அனுப்புவோம். கிராக்கில் பட்டுத் திரும்ப எடுக்கும் நேரத்தை வைத்து ஆழத்தைச் சொல்லிவிடலாம்.

வெளிப்பரப்புக் கிராக் என்றால் சாதா இரும்புக் குழாய்க்குக் காந்தத் துகள் சோதனை, வேலை சீக்கிரம் முடியும். 304 போன்ற காந்தம் பிடிக்காத ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ரகங்களுக்கு அது ஆகாது. நம் ஊர் உருக்காலை பேர் வாங்கியதே ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில்தான். பால், உணவு ஆலைகளில் ஓடுவதும் பெரும்பாலும் 304 குழாய். அதில் காந்தம் பிடிக்காது, டி.பி. டெஸ்ட்தான் (டை பெனட்ரன்ட், கிராக்குக்குள் சாயம் ஊறவிட்டுப் பார்ப்பது) செய்யவேண்டும்.

டி.பி. எளிது என்று அவசரமாகச் செய்கிறார்கள், அங்கேதான் கிராக் தப்பிவிடுகிறது. எண்ணெய்ப் பிசுக்குப் போகத் துடைத்து, சிவப்புச் சாயத்தை அடித்து, குறைந்தது 10 நிமிடமாவது ஊறவிட வேண்டும். அப்புறம் கிளீனரைத் துணியில் நனைத்துத் துடைக்க வேண்டும். குழாய் மேலேயே அடித்தால் கிராக்குக்குள் போன சாயமும் கழுவிக்கொண்டு போய்விடும். மேலே வெள்ளை டெவலப்பர் அடித்தால், மெல்லிய கோடு ஒன்று சிவப்பாகக் கசிந்து வரும். வெயிலும் முக்கியம். வழக்கமான சாயம் சுமார் 50 டிகிரி வரைதான் தாங்கும். ஏப்ரல் மதியத்தில் திறந்தவெளிக் குழாயில் கை வைக்க முடியாது. காலையிலேயே முடித்துவிடுங்கள்.

உங்களுடையது 304 வெந்நீர்க் குழாயா? அப்படியானால் இன்சுலேஷனைப் பிரித்துப் பாருங்கள். சுமார் 60 டிகிரிக்கு மேல் சூடாகும் குழாயில் உப்பு கலந்த ஈரம் உள்ளே தங்கினால், வெளிப்பக்கத்திலிருந்தே கிளை கிளையாகக் கிராக் விடும். ஈரம் தேங்கும் சப்போர்ட், வளைவு ஆகிய இடங்களில் டி.பி.யை முதலில் செய்யுங்கள். வெல்டுக்கு யூ.டி. வேண்டுமென்றால், ஸ்டெயின்லெஸ் வெல்டில் பழக்கப்பட்டவரைக் கூப்பிடுங்கள். அந்த வெல்டு உலோகத்தின் பெரிய படிக மணிகள் ஒலியைச் சிதறடிக்கும்; சாதா புரோபுக்குத் திரை முழுக்க இரைச்சல்தான்.