செல்லமே, மூச்சு விடு!

(வளர்ப்பு நாய் பற்றி வாசகர்கள் கேட்டவற்றுக்குக் கால்நடை மருத்துவரின் பதில்கள்)

எங்கள் பக் நாய்க்கு 3 வயது. டிவி சத்தத்தையும் மீறிக் குறட்டை விடும், வீடியோ எடுத்துப் போட்டால் எல்லோரும் சிரிப்பார்கள். ஆனால் வெயில் வந்தால் தெருமுனை வரை கூட நடக்க மாட்டேன் என்கிறது. சோம்பேறித்தனமா?
*ஒரு வாசகி, வேலூர்*

சோம்பேறித்தனம் இல்லை அம்மா, அதற்குக் காற்று போதவில்லை. இன்று அதன் மூக்கை நேருக்கு நேர் பாருங்கள். பக்கத்துத் தெரு நாய்க்கு மூக்குத் துவாரம் கமா போட்டதுபோல் நன்றாகத் திறந்திருக்கும், உங்கள் பக்குக்கு நகத்தால் கீறின கோடு மாதிரிதான் இருக்கும். முகம் தட்டையாக வேண்டும் என்று தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து இணை சேர்த்ததில் எலும்பு குட்டையாகிவிட்டது, உள்ளே இருக்கும் சதை அந்த அளவுக்குக் குறையவில்லை. அண்ணத்தின் பின்பக்கச் சதை நீண்டு மூச்சுக்குழாய் வாயிலில் தொங்குகிறது. நீங்கள் குறட்டை என்று சிரிப்பது அந்தச் சதை அடித்துக்கொள்ளும் சத்தம். நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வேர்க்காது, நாக்கைத் தொங்கப் போட்டு மூச்சு வாங்கித்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும், அந்த வழியே அடைபட்டிருந்தால் வேலூர் ஏப்ரலில் அது என்ன செய்யும், சொல்லுங்கள்.

2003-ல் ஹட்ச் விளம்பரத்தில் ஒரு பக் சின்னப் பையன் பின்னாலேயே ஓடியது. அதன் பிறகு என் கிளினிக்குக்கு வந்த பக்குகளை எண்ணவே முடியாது. நெதர்லாந்தில் மூக்கு அளவுக்கு மேல் குட்டையான நாய்களை இனப்பெருக்கம் செய்யக் கூடாது. நார்வேயில் 2022-ல் ஆஸ்லோ நீதிமன்றம் இங்கிலீஷ் புல்டாக், காவலியர் கிங் சார்லஸ் ஸ்பேனியல் இரண்டையுமே இனப்பெருக்கம் செய்யத் தடை போட்டது. மேல்முறையீட்டில் புல்டாக் தப்பித்தது (புல்டாக் வளர்த்து விற்பவர்கள் தப்பித்தார்கள் என்று படிக்கவும்), காவலியருக்கான தடை உச்ச நீதிமன்றம் வரை போய் நிலைத்தது. இங்கேயும் 2024-ல் வந்த தமிழக அரசின் நாய் இனப்பெருக்கக் கொள்கையில், நம் வெயிலுக்கு ஒத்துவராத இனங்கள் என்று ஹஸ்கி, செயின்ட் பெர்னார்ட் எல்லாவற்றோடும் பக்கையும் சேர்த்திருந்தார்கள்.

சரி, உங்கள் வீட்டில் இருக்கும் பக்குக்கு வருவோம். எடை ஏற விடாதீர்கள். கழுத்துப் பட்டை வேண்டாம், நெஞ்சில் மாட்டும் பட்டை வாங்குங்கள். நடையை விடிவதற்குள் முடித்துவிடுங்கள். மூக்குத் துவாரத்தை அகலமாக்க ஆபரேஷன் இருக்கிறது, உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். நாக்கு நீலம் பாரித்தால் காத்திருக்காமல் உடனே தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

எங்கள் ஸ்பிட்ஸுக்குப் பிறந்தநாள் அன்று மகள் பட்டுப்பாவாடை தைத்துப் போட்டாள். மாமியார் "வாயில்லா ஜீவனை ஏன்டி படுத்துறீங்க" என்று திட்டிவிட்டார். அது சமர்த்தாகத்தானே உட்கார்ந்திருந்தது?
*ஒரு வாசகி, கரூர்*

நான் மாமியார் கட்சி. அந்த போட்டோவை எடுத்து இன்னொரு தடவை பாருங்கள். காது பின்னால் படிந்திருக்கிறதா, கண்ணின் வெள்ளை ஓரம் தெரிகிறதா, உதட்டை நக்கிக்கொண்டிருக்கிறதா? அப்படியென்றால் அது சமர்த்து இல்லை, என்ன செய்வதென்று தெரியாமல் விறைத்துப் போயிருக்கிறது. ஸ்பிட்ஸுக்கு ஏற்கெனவே ஒரு கம்பளி உடம்போடு இருக்கிறது, அதன் மேல் கரூர் வெயிலில் பட்டு வேறா! போன தீபாவளிக்கு ஒரு குட்டியைக் கொண்டுவந்தார்கள், மூன்று நாளாகக் கழற்றாத சட்டையின் எலாஸ்டிக் முன்னங்கால் இடுக்கை அறுத்துப் புண்ணாகி, ஈ மொய்த்துக்கொண்டிருந்தது. ஊட்டியில் முடி உதிர்ந்த கிழட்டு நாய்க்கு ஸ்வெட்டர் போட்டால் நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். மகளுக்கு ஆசை என்றால் கழுத்தில் தளர்வாக ஒரு ரிப்பன், இரண்டு நிமிஷம், ஒரு போட்டோ, கழற்றிவிடுங்கள்.

லாப்ரடாருக்கு 2 வயது ஆகிறது. ஒரு தடவையாவது குட்டி போட்டால்தான் உடம்புக்கு நல்லது என்கிறார்கள். குட்டிகளை விற்றால் செலவுக்கும் ஆகும். மேட்டிங் விடலாமா?
*ஒரு வாசகர், திருச்சி*

முதல் காரணம் பொய், இரண்டாவதுதான் நிஜக் காரணம் என்று நினைக்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். குட்டி போடாவிட்டால் நாய்க்கு ஒரு குறையும் வராது. கருத்தடை செய்துவிட்டால் கர்ப்பப்பையில் சீழ் கட்டும் ஆபத்தும் போய்விடும். லாப்ரடாருக்கு இடுப்பு மூட்டுக் கோளாறு பரம்பரையாக வரும், இரண்டு பக்கமும் எக்ஸ்ரே பார்த்துவிட்டு இணை சேர்ப்பவர்கள் எத்தனை பேர்? குட்டிகளை விற்கப் போனால் 2017-ன் மத்திய அரசு விதிகள் இருக்கின்றன: பதிவு வேண்டும், தாய்க்கு 18 மாதமாவது ஆகியிருக்க வேண்டும், ஆயுளுக்கு 5 ஈற்றுக்கு மேல் கூடாது, 8 வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. காசுக்காகச் செய்பவர்களுக்கு இந்தக் கணக்கெல்லாம் கட்டுப்படியாகாது, அதனால்தான் மொட்டை மாடிக் கம்பிக் கூண்டில் மடி தொங்கிப்போன தாய் நாய்கள். ஒன்று கேட்கிறேன். எட்டுக் குட்டி பிறந்து மூன்று விலைபோகவில்லை என்றால் அந்த மூன்றும் எங்கே போகும்?

அப்போ ராஜபாளையம் வாங்கினால் பாவமில்லைதானே? நம்ம ஊர் நாய் ஆச்சே!
*ஒரு வாசகர், சென்னை*

நம்ம ஊர் என்பதால் விலக்கு கிடையாது. 2005-ல் தபால்தலை வரை போன அழகன்தான், ஆனால் தூய வெள்ளைதான் வேண்டும், மூக்கு ரோஸ் நிறம்தான் வேண்டும் என்று பிடிவாதமாகப் பொறுக்கிப் பொறுக்கி வளர்த்ததில் காது கேளாத குட்டிகளும் பிறக்கின்றன. அப்புறம், அது ஓடி வேட்டையாடிய இனம், இரண்டு பெட்ரூம் ஃபிளாட்டில் சோபாவைக் கிழித்தால் அதன் மேல் குற்றமில்லை. இடமும் நேரமும் இருக்கிறது, வாங்கியே தீருவேன் என்றால் முதலில் தாயைக் காட்டச் சொல்லுங்கள். குட்டியைக் கூடப் பிறந்தவற்றிடமிருந்து தனியாகப் பிரித்து வையுங்கள், இல்லாவிட்டால் மற்றதைப் பார்த்து இதுவும் திரும்பி உங்களை ஏமாற்றிவிடும். அதன் கண்ணில் படாமல் பின்னால் நின்று சாவிக்கொத்தைக் குலுக்கிப் பாருங்கள், காது அசைகிறதா என்று.