சவுலின் எலும்புகள்

அன்புள்ள ஐயா,

போரில் இறந்த இஸ்ரவேலின் முதல் ராஜா சவுலையும் அவர் மகன்களையும் யாபேஸ் ஊரார் எரித்தார்கள் என்கிறது வேதாகமத்தின் 1 சாமுவேல் 31. இஸ்ரவேலர் புதைப்பவர்கள்தானே? இது மரியாதையா, அவமரியாதையா?

ம.

அன்புள்ள ம.,

மரியாதைதான். எதிரிகளான பெலிஸ்தர் சவுலின் தலையை வெட்டிவிட்டு உடலை பெத்சான் நகரின் அலங்கத்தில் (மதிலில்) மாட்டியிருந்தார்கள். யாபேஸ்காரர்கள் இரவெல்லாம் நடந்து, யோர்தான் ஆற்றைக் கடந்து வந்து அதை இறக்கினார்கள். ஏன் எரித்தார்கள் என்று நூல் சொல்லவில்லை. அழுகிய உடல் என்பதாலும் இருக்கலாம், மறுபடி பெலிஸ்தர் கையில் சிக்கிவிடக் கூடாது என்பதாலும் இருக்கலாம். 1 நாளாகமம் 10 எரித்த செய்தியையே விட்டுவிடுகிறது. அதை எழுதியவருக்கும் உங்கள் சங்கடம் இருந்திருக்கும்போல.

அடுத்த வசனத்தையும் படியுங்கள். எலும்புகளை மரத்தடியில் அடக்கம்பண்ணி ஏழு நாள் உபவாசம் இருந்தார்கள். எலும்பு மிஞ்சும்படிதான் எரித்திருக்கிறார்கள். ஏதோம் ராஜாவின் எலும்பை நீறாகச் சுட்ட மோவாபை ஆமோஸ் 2:1 கண்டிப்பதை இதோடு வைத்துப் பாருங்கள்.

எலும்புக்கு ஏன் இந்த மதிப்பு? யூதாவில் ராஜாக்கள் காலத்துக் குடும்பக் கல்லறை என்பது பாறையில் குடைந்த அறை. சுவரோரம் கல் திண்ணைகள். உடலைத் திண்ணையில் கிடத்துவார்கள், பெட்டி வழக்கமில்லை (எகிப்தில் இறந்த யோசேப்பைப் பெட்டியில் வைத்தது எகிப்து சமாச்சாரம்). சதை போனபின், அடுத்தவருக்கு இடம் தேவைப்படும்போது, எலும்புகளை அள்ளி முன்னோர் எலும்புகள் கிடக்கும் குழியில் சேர்ப்பார்கள். எருசலேமின் கெத்தேப் இன்னோமில் 1979-இல் அகழ்ந்தபோது கொள்ளைபோகாத குழி ஒன்று கிடைத்தது. எண்ணாகமம் 6-இன் ஆசீர்வாதம் பொறித்த வெள்ளிச் சுருள்கள் அதில்தான் இருந்தன.

இறந்தவரைப் பற்றி வேதாகமம் சொல்லும் 'தன் ஜனத்தாரோடே சேர்க்கப்பட்டான்' என்பது இந்தக் குழியைத்தான் குறிக்கிறது என்று சிலர் சொல்வார்கள். அவசரப்படக் கூடாது. யாக்கோபு 'சேர்க்கப்பட்டது' எகிப்தில் இறந்தபோதே, ஆதியாகமம் 49:33-இல். உடல் கெடாதபடி சுகந்தவர்க்கமிட 40 நாள், எகிப்தியர் துக்கம் 70 நாள் என்று எல்லாம் முடிந்த பிறகுதான் அவர் உடல் குடும்பக் கல்லறையான மக்பேலா குகைக்குப் போகிறது.

சவுலின் கதை மரத்தடியோடு முடியவில்லை. கிபியோனியர் என்ற இனத்தாரை சவுல் கொன்றதால் வந்த மூன்று வருடப் பஞ்சம் தீர, அவர் வம்சத்தார் ஏழு பேரை அந்தக் கிபியோனியர் தூக்கிலிட்டார்கள், வாற்கோதுமை அறுப்புத் தொடங்கும்போது. தூக்கிலிட்ட உடலை அன்றே புதை என்பது உபாகமம் 21:23. புதைக்கவில்லை. அந்த ஏழு பேரில் இருவரைப் பெற்ற ரிஸ்பாள் பாறைமேல் இரட்டுத் துணியை விரித்து, மழை பெய்யும்வரை பகலில் பறவைகளையும் இரவில் மிருகங்களையும் விரட்டினாள். அதைக் கேட்ட பிறகே, சவுலுக்குப் பின் ராஜாவான தாவீது யாபேசிலிருந்து சவுல், அவர் மகன் யோனத்தான் ஆகியோரின் எலும்புகளை வரவழைத்து, சேலாவில் சவுலின் தகப்பன் கீசின் கல்லறையில் வைத்தார். தூக்கிலிடப்பட்டவர்களின் எலும்புகளும் சேகரிக்கப்பட்டன. தேவன் தேசத்துக்கான வேண்டுதலைக் கேட்டார் என்ற வரி 2 சாமுவேல் 21-இல் தூக்குக்குப் பின் வரவில்லை, இந்த அடக்கத்துக்குப் பின்புதான் வருகிறது.