42,000 சம்பளம், சக்கர நாற்காலி, சென்னையில் தனி வீடு: கட்டுப்படியாகுமா?

கேள்வி: சார், எனக்கு வயது 31. ஊர் சங்கரன்கோவில் பக்கம். ஆறு வருஷத்துக்கு முன்னால் சாலை விபத்தில் முதுகுத்தண்டுவடம் அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. கை இரண்டும் நன்றாக இருக்கின்றன. வீட்டிலிருந்தே மெடிக்கல் கோடிங் வேலை, கைக்கு 42,000 வருகிறது. இப்போது வாரம் மூன்று நாள் சோழிங்கநல்லூர் ஆபீசுக்கு வரச் சொல்கிறார்கள். எனக்கும் தனியாக இருந்து பார்க்க ஆசை. "உனக்கு இருபத்திநாலு மணி நேரமும் ஆள் வேண்டும், சம்பளம் பூரா அதுக்கே போயிரும்" என்கிறார் அம்மா. விபத்து இழப்பீடு 18 லட்சம் எஃப்டியாக என் பெயரில் இருக்கிறது. அதில் 12 லட்சத்துக்கு மனை வாங்கிப் போடு என்கிறார் அண்ணன். என்ன செய்யலாம்?

பதில்: அம்மா சொல்வதிலிருந்தே ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் உங்கள் கணக்கு முழுக்க அந்த "இருபத்திநாலு மணி நேரம்" என்ற வார்த்தையில்தான் தொங்குகிறது. ஒரு நோட்டு எடுத்து ஒரு வாரம் எழுதுங்கள் தாயி. காலையில் அம்மா எதற்கு வருகிறார், எத்தனை நிமிஷம் இருக்கிறார். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற, மலம் கழிக்க, குளிக்க, உடை மாற்ற என்று எல்லாம் சேர்த்து இரண்டரை மணி நேரம் ஆகலாம். இரவு படுக்கைக்குப் போக, தோலில் எங்காவது சிவந்திருக்கிறதா என்று பார்க்க இன்னொரு மணி. மற்ற நேரத்தில் அம்மா பக்கத்தில் இருக்கிறார், அவ்வளவுதான். காபி போட்டுத் தருவார், சார்ஜரை எடுத்துக் கொடுப்பார், உங்களுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயப்படுவார். அதெல்லாம் பாசம், சம்பளம் போட்டு ஆள் வைக்க வேண்டிய வேலை இல்லை.

அப்போ நீங்கள் விலை கொடுத்து வாங்க வேண்டியது நாளைக்கு மூன்றரை மணி நேரம். மாதம் 105 மணி, மணிக்கு 100 ரூபாய் என்று வைத்தால் 10,500. இனி மாதக் கணக்கு. வாடகை 11,000, கரண்டும் நெட்டும் 1,500, சாப்பாடு 6,000, உதவியாளர் 10,500, ஆபீசுக்கு 13 நாள் ஆட்டோவில் போய்வர 3,900, கதீட்டர் (சிறுநீரை வெளியே எடுக்கும் குழாய்), யூரின் பை, மாத்திரை வகையறாவுக்கு 3,000. கூட்டினால் 35,900. கையில் 6,100 நிற்கிறது. இதே கணக்கில் ஏஜென்சி மூலமாக 28,000 ரூபாய்க்கு முழுநேர ஆள் போட்டுப் பாருங்கள், 53,400 ஆகிவிடும், அம்மா சொன்னது அட்சரம் பிசகாமல் பலித்துவிடும்! இந்தத் தொகையெல்லாம் நான் ஒரு மதிப்புக்குப் போட்டவைதான், ஏரியாவைப் பொறுத்து ஏறும் இறங்கும். ஆனால் ஆளை நாள் கணக்கில் வைக்காமல் மணிக்கணக்கில் வைப்பது என்பதை மட்டும் மாற்றாதீர்கள்.

இந்த மூன்றரை மணி கட்டுப்பட வேண்டுமென்றால் உங்கள் கைக்குக் கொஞ்சம் பயிற்சி வேண்டும். பலகை வைத்து நகர்ந்து நாற்காலிக்கு மாறுவது, நாலு மணிக்கொரு தரம் கதீட்டரை நீங்களே போட்டுக்கொள்வது, உட்கார்ந்தபடி சமைப்பது, அரை மணிக்கொரு முறை கையை ஊன்றி உடம்பைத் தூக்கி இறக்குவது எல்லாம் பழக்கத்தில் வர வேண்டும். இதற்குச் சென்னை வர வேண்டாம், உங்கள் மாவட்டத்திலேயே ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் இருக்கிறது. இளவயதில் தண்டுவடம் அடிபட்ட எஸ்.ராமகிருஷ்ணன் 1981-இல் தொடங்கியது, 2020-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அவரோடு சேர்ந்து அதை வளர்த்த சங்கரராமன், தசைச்சிதைவு நோயோடு சக்கர நாற்காலியில் இருந்தபடியே சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட் ஆனவர் (கணக்குப் பார்க்கிற எங்கள் இனம் என்பதில் எனக்கு ஒரு சின்னப் பெருமை). தண்டுவடம் பாதித்தவர்களுக்கு அங்கே மறுவாழ்வுப் பயிற்சி உண்டு. சென்னைக்கு வருவதற்கு முன் லீவு போட்டாவது அங்கே சில வாரம் இருந்துவிட்டு வாருங்கள், அங்கே நீங்கள் கற்றுக்கொள்ளும் ஒவ்வொரு வேலையும் மாதா மாதம் உதவியாளர் சம்பளத்தில் குறையும்.

சென்னைக்கு வந்ததும் பிசியோதெரபிக்கு வீட்டுக்கு ஆள் வரவழைத்துக் காசைக் கரைக்காதீர்கள். உலக வங்கி உதவியோடு நடக்கும் தமிழ்நாடு உரிமைகள் திட்டத்தில் "விழுதுகள்" என்று மாற்றுத்திறனாளிகளுக்குப் பிசியோதெரபி கிடைக்கும் சேவை மையங்கள் திறந்திருக்கிறார்கள், அதில் ஒன்று சோழிங்கநல்லூரிலேயே இருக்கிறது. 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்திலும் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுக்கும் ஏற்பாடு உண்டு, பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்து வையுங்கள். பேட்டரி சக்கர நாற்காலிக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பியுங்கள், கடையில் வாங்கப் போனால் லட்சத்தை நெருங்கும். கடும் பாதிப்புக்கான மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகையையும் அங்கேயே கேளுங்கள், ஆனால் சம்பளம் வாங்குகிறவர் என்று மறுக்கலாம், அதனால் நான் அதை வரவில் சேர்க்கவில்லை. எல்லாவற்றுக்கும் யுடிஐடி என்கிற மாற்றுத்திறனாளி அடையாள அட்டை கேட்பார்கள், ஆதார் முகவரியை மாற்றும்போது அதிலும் மாற்றிவிடுங்கள்.

ஆபீசிலும் கேட்க வேண்டியது இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016-இன்படி தனியார் நிறுவனமும் சமவாய்ப்புக் கொள்கை ஒன்றை வெளியிட்டாக வேண்டும். அதைக் காட்டச் சொல்லிக் கேட்டுவிட்டு, வாரம் மூன்று நாளை இரண்டாக்க முடியுமா, இல்லையென்றால் கேப் அனுப்புவீர்களா என்று எழுத்தில் கேளுங்கள். எங்கே, யாரோடு வாழ்வது என்பது உங்கள் முடிவு என்று அதே சட்டத்தின் 5-ஆம் பிரிவும் சொல்கிறது, அம்மாவிடம் சண்டைக்கு எடுக்க வேண்டாம், உங்கள் தைரியத்துக்குத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

வீடு பார்க்கும்போது கையில் இன்ச் டேப் இருக்கட்டும். என் அக்காவுக்கு போலியோ. அவளுக்கு வீடு பார்த்தபோது ஹாலை அளந்தேன், படுக்கையறையை அளந்தேன், பெரிய கெட்டிக்காரன் மாதிரி அட்வான்சும் கொடுத்தேன். குடி போன அன்றைக்குத்தான் தெரிந்தது, பாத்ரூம் கதவு 24 அங்குலம், அவள் நாற்காலி 26. கதவைக் கழற்றிவிட்டுத் திரைச்சீலை போட்டு ஒரு வருஷம் ஓட்டினாள், இன்றைக்கும் சொல்லிக் காட்டுவாள். சாய்தளத்துக்கு ஒன்றுக்குப் பன்னிரண்டு என்பது கணக்கு, அரை அடிப் படி என்றால் ஆறடி நீளம் வேண்டும், அதற்கு வாசலில் இடம் இருக்கிறதா பாருங்கள். அப்புறம், சக்கர நாற்காலி என்றாலே எல்லோரும் தரைத்தளம் என்பார்கள், ஆனால் பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் பக்கம் தரைத்தளம் எடுப்பதாக இருந்தால் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் தண்ணீர் எந்த மட்டத்துக்கு ஏறியது என்று வீட்டுக்காரரிடம் கேட்காதீர்கள், எதிர் வீட்டில் கேளுங்கள். லிஃப்ட்டும் ஜெனரேட்டரும் உள்ள முதல் மாடி கிடைத்தால் ஆயிரம் ரூபாய் கூடப் போனாலும் அதையே எடுங்கள்.

சரி, 18 லட்சம். அண்ணன் மேல் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை, ஆனால் 12 லட்ச ரூபாய் மனையைப் பதியவே முத்திரைத்தாளும் கட்டணமுமாக 9 சதவீதம், 1,08,000 போகும். அந்த மனை மாதம் ஒரு ரூபாய் தராது, நாற்காலி மெத்தை கிழிந்தால் மனையில் ஒரு மூலையை வெட்டி விற்கவும் முடியாது. வேண்டாம். அட்வான்ஸ், சாய்தளம், கைப்பிடிகள், படுக்கைப்புண் வராமல் காக்கும் காற்று மெத்தை என்று முதல் செலவு 1,35,000 வரை ஆகும், அதோடு ஆறு மாதச் செலவையும் சேர்த்து 4 லட்சத்தை நினைத்தபோது எடுக்கிற மாதிரி சின்னச் சின்ன எஃப்டியாக வையுங்கள். தபால் அலுவலக மாத வருமானத் திட்டத்தில் தனிநபர் வரம்பு 9 லட்சம், 7.4 சதவீதம் என்றால் மாதம் 5,550 வரும், போடும் அன்றைக்கு வட்டி எவ்வளவு என்று கேட்டுக்கொள்ளுங்கள், ஒரு வருஷத்துக்குள் எடுக்க முடியாது. மீதி 5 லட்சத்தை வேறொரு வங்கியில் போடுங்கள், வங்கி மூழ்கினால் ஒருவருக்கு ஒரு வங்கியில் வட்டியும் சேர்த்து 5 லட்சம் வரைதான் காப்பீடு.

சம்பள மிச்சமும் இந்த வட்டியும் சேர்ந்தால் மாதம் 11,650. அதில் முதல் 3,000 இரண்டாவது உதவியாளருக்கு. ஆமாம், இரண்டு பேர். ஒரே ஆளை நம்பினால் திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு "அக்கா, குழந்தைக்குக் காய்ச்சல்" என்று போன் வரும், நீங்கள் கட்டிலிலேயே இருப்பீர்கள். ஞாயிறு லீவு, தீபாவளி போனஸ் எல்லாம் அந்த மூவாயிரத்துக்குள் வரும். 2,000 ஆர்டி, நாற்காலி டயருக்கும் பேட்டரிக்கும். 4,000 இண்டெக்ஸ் ஃபண்டில் (பங்குச்சந்தைக் குறியீட்டை அப்படியே பின்பற்றும் மியூச்சுவல் ஃபண்ட்) எஸ்ஐபி, அதாவது மாதத் தவணை முதலீடு. மீதி இன்சூரன்சுக்கு: மாற்றுத்திறனாளிகளுக்கென்று ஒரு மருத்துவ பாலிசியாவது வைத்திருக்க வேண்டும் என்று 2023-இல் இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ கம்பெனிகளுக்கு உத்தரவிட்டது, ஏற்கனவே உள்ள பாதிப்புக்குப் பணம் கேட்க முடியாத காத்திருப்புக் காலம் இருக்கும், ஆபீஸ் பாலிசி கையில் இருக்கும்போதே இதை எடுத்தால் அந்தக் காலம் வலிக்காமல் கழியும். வரி மிச்சம் என்று சொல்லி யாராவது பாலிசி கொண்டுவந்தால் வாங்காதீர்கள், புதிய வருமான வரி முறையில் 12 லட்சத்துக்குள் வருமானம் உள்ள உங்களுக்கு வரியே இல்லை.

முதல் மாதம் அம்மாவும் கூட வரட்டும், ஆனால் வேலை செய்ய வேண்டாம், உதவியாளர் வந்து போவதை உட்கார்ந்து பார்க்கட்டும். பொதிகை எக்ஸ்பிரஸில் டிக்கெட் போடும்போது ரயில்வே சலுகை அட்டை எண்ணைக் கொடுங்கள், துணை இல்லாமல் பயணிக்க முடியாதவர் என்று அட்டையில் இருந்தால் ஸ்லீப்பரில் உங்களுக்கும் 75 சதவீதம் கழிவு, துணைக்கு வரும் அம்மாவுக்கும் அதே கழிவு.