பின்னங்கால் விறைத்து இழுக்கும் மாடு: சூடு வேண்டாம், முழங்கால் சில்லைப் பாருங்கள்

கேள்வி: என் உழவு மாட்டுக்கு நான்கு வயது. ஒரு மாதமாகக் காலையில் எழுந்து நடக்கும்போது வலது பின்னங்கால் விறைத்துப் பின்னாலேயே நிற்கிறது. குளம்பு நுனி தரையில் தேய்கிறது. நாலு எட்டு வைத்ததும் 'வெடுக்'கென்று விட்டு, நன்றாக நடக்கிறது. காய்ச்சல் இல்லை, தீனி எடுக்கிறது. முட்டியில் வேப்பெண்ணெய் தேய்த்தும் குணமில்லை. சூடு போடலாமா?

பதில்: சூடு போடாதீர்கள். தோல்தான் வெந்து புண்ணாகும்; கோளாறு எலும்பை ஒட்டிய நாரில் இருக்கிறது. அதுவும் நீங்கள் எண்ணெய் தேய்க்கும் இடத்தில் இல்லை. பின்பக்கம் கூராக நீட்டிக்கொண்டிருக்கும் அந்த மூட்டு நம் குதிகாலுக்குச் சமம். மாட்டின் உண்மையான முழங்கால் அதற்கு மேலே, வயிற்றை ஒட்டித் தோல் மடியும் இடத்தில் இருக்கிறது.

அங்கே தொடை எலும்பின் கீழ்முனையில் ஒரு பள்ளமும் இருபுறமும் வரப்புப் போன்ற மேடும் உண்டு. முழங்கால் சில்லு அந்தப் பள்ளத்தில் மேலும் கீழும் வழுக்கி ஓடும். சில்லைக் கீழ்க்கால் எலும்போடு உள், நடு, வெளி என மூன்று நார்கள் பிணைக்கின்றன. உள்பக்க மேடுதான் பெரியது. கால் பின்னுக்கு நீளும்போது சில்லு மேலேறி, உள்நார் அந்த மேட்டில் மாட்டிக்கொள்கிறது. முழங்கால் மடங்கவில்லை என்றால் குதிமூட்டும் மடங்காது. மாட்டுக்கு இரண்டும் சேர்ந்தே இயங்கும். அதனால்தான் கால் முழுவதும் விறைக்கிறது. நார் நழுவி விடும் நொடியில் வருவதே அந்த 'வெடுக்'.

குளம்பின் முன்நுனி தேய்ந்திருக்கிறதா பாருங்கள், கால் இழுபடுவதற்கு அது அடையாளம். குளம்பிடுக்கில் வீக்கம், நாற்றம் இருந்தால் அது வேறு நோய். திடீரென்று காலை ஊன்றவே முடியாமல் போனால் இடுப்பு மூட்டு நழுவலோ எலும்பு முறிவோ இருக்கலாம், அன்றே காட்டுங்கள்.

கால் மாட்டியிருக்கும்போது அடித்து ஓட்டாமல் மெல்லப் பின்னோக்கி நடத்துங்கள். பல நேரம் விட்டுவிடும். ஆனால் திரும்பத் திரும்ப மாட்டுகிற கால் தைலத்துக்கும் ஊசிக்கும் அடங்காது. உள்நாரைத் துண்டிக்கும் சிறு அறுவைதான் தீர்வு. கால்நடை மருத்துவர் லிக்னோகெயின் மரப்பு ஊசி போட்டு, சிறு கீறல் வழியே செய்துவிடுவார். பெரும்பாலும் எழுந்தவுடனேயே கால் மடங்கும். தவறி நடுநார் அறுபட்டால் மாடு நிரந்தரமாக நொண்டும். ஆகவே அனுபவக்காரர் என்று யாரிடமும் கத்தியைக் கொடுக்காதீர்கள்.

மாட்டைப் படுக்கவைத்துச் செய்வதானால் முந்தைய நாளிலிருந்தே தீனியை நிறுத்தச் சொல்வார்கள். இரைப்பை நிறைந்திருந்தால் வயிறு உப்பி மூச்சு முட்டும். பிறகு காய்ந்த தரையில் கட்டுங்கள், காயத்தில் ஈ மொய்க்க விடாதீர்கள், குறைந்தது இரண்டு வாரம் ஏரில் பூட்டாதீர்கள். இடது காலையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். சில மாடுகளுக்கு இரண்டு காலிலும் வரும்.