கையெழுத்துப் போடாத மேனேஜர்

அன்புள்ள சார்,

அறுபதுகளின் ஆங்கில ராக் குழுவான பீட்டில்ஸ் பற்றிய உங்கள் கட்டுரையில் அவர்களுடைய மேனேஜர் பிரையன் எப்ஸ்டைனுக்கு இத்தனை இடம் தேவையா? பாட்டுக் கட்டியவர்கள் லெனனும் மெக்கார்ட்னியும். இவர் தரகர்தானே, அதுவும் கணக்குத் தெரியாத தரகர் என்று படித்திருக்கிறேன். என் மகன் கல்லூரியில் ஒரு ராக் பேண்ட் வைத்திருக்கிறான். எந்த வாத்தியமும் வாசிக்கத் தெரியாத நண்பன் ஒருவன் “நான்தான் மேனேஜர்” என்று வருமானத்தில் பங்கு கேட்கிறானாம். அந்த எரிச்சலும் இந்தக் கடிதத்தில் இருக்கிறது.

கே.

அன்புள்ள கே.,

எரிச்சலின் ஊற்றுக்கண்ணையும் காட்டிவிட்டீர்கள், நன்றி.

1961 நவம்பர் 9, மதிய நேரம். லிவர்பூல் மேத்யூ தெருவில் கேவர்ன் கிளப் என்ற நிலவறைக்குள் எப்ஸ்டைன் படியிறங்கிப் போகிறார். வயது 27, கோட்டும் டையுமாக. மேடையில் தோல் சட்டை போட்ட நான்கு பையன்கள். பாட்டுக்கு நடுவில் தின்கிறார்கள், சிகரெட் பிடிக்கிறார்கள், கூட்டத்தோடு வாயாடுகிறார்கள். ஜெர்மனியின் ஹாம்பர்க் கிளப்களில் விடிய விடிய வாசித்துப் பழுத்த கைகள். ஆனால் லண்டனில் அவர்களைச் சீந்த ஆளில்லை.

எப்ஸ்டைனிடம் இருந்தது ஒரு கடை. அவர் குடும்பத்தின் நெம்ஸ், அந்தப் பக்கத்தில் இசைத்தட்டு வியாபாரத்தில் பெரிய கை. அவ்வளவு சரக்கு எடுக்கிற கடைக்காரர் “என் பையன்களைக் கேளுங்கள்” என்றால் கம்பெனிக்காரர்கள் கதவைச் சாத்த மாட்டார்கள். டெக்கா இசைத்தட்டுக் கம்பெனி லிவர்பூலுக்கு ஆள் அனுப்பியதும், 1962 புத்தாண்டு நாளில் லண்டனுக்கு வரவழைத்து வாசிக்கச் சொன்னதும் அதனால்தான். கேட்டுவிட்டு வேண்டாம் என்றார்கள். மற்ற கம்பெனிகளும் கைவிரித்தன. தரகராக இருந்தால் அத்தோடு அடுத்த சரக்குக்குப் போயிருப்பார். இவரோ ஒலிநாடாவைக் கையில் வைத்துக்கொண்டு லண்டன் ரயில் ஏறிக்கொண்டே இருந்தார். அந்த அலைச்சல்தான், இ.எம்.ஐ. கம்பெனியின் பார்லோஃபோன் பிரிவில் இசைத்தட்டுத் தயாரிப்பாளராக இருந்த ஜார்ஜ் மார்ட்டினிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது.

இதற்கிடையில் தோல் சட்டை போய் கோட்சூட் வந்தது. மேடையில் தின்பது நின்றது, பாட்டு முடிந்ததும் நால்வரும் சேர்ந்து குனிந்து வணங்கினார்கள். லெனன் பிற்பாடு இதைச் சொல்லிச் சொல்லிக் கரித்துக்கொட்டினார். எனக்கும் அந்தத் தோல் சட்டைக் காலத்தைக் கேட்கத்தான் ஆசை. ஆனால் அந்தக் கோலத்தில் அன்றைய இங்கிலாந்தின் நடுக்கூடத்து டிவிக்குள் நுழைந்திருக்க முடியாது.

1962 ஆகஸ்டில் டிரம்மர் பீட் பெஸ்ட்டை நீக்க மற்ற மூவரும் முடிவெடுத்தார்கள். அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல மூவருக்கும் துணிவில்லை. எப்ஸ்டைன்தான் தன் அலுவலகத்துக்கு அழைத்துச் சொன்னார். மேனேஜருடைய பங்கில் இந்த வேலைக்கான கூலியும் சேர்த்தி.

கணக்கு விஷயத்தில் நீங்கள் சொல்வது சரிதான். இ.எம்.ஐ. ஒப்பந்தப்படி ஒரு சிங்கிள் தட்டுக்கு ஒரு பென்னி, அதையும் பங்கு பிரிக்க வேண்டும். அமெரிக்காவில் பீட்டில்ஸ் பெயரில் பொம்மையும் விக்கும் விற்கிற உரிமையைக் கொடுத்தபோது 90 சதவீதம் வாங்கியவர்களுக்குப் போனது, இவர்கள் பக்கம் 10. பிறகு பேசித் திருத்தினாலும் போனது போனதுதான். ஆனால் அமெரிக்க டிவியின் எட் சல்லிவன் நிகழ்ச்சியைப் பாருங்கள். மூன்று முறை தோன்ற வெறும் 10,000 டாலருக்கு ஒப்புக்கொண்டார், குழுவின் பெயர்தான் முதலில் வர வேண்டும் என்பதில் மட்டும் பிடிவாதமாக நின்றார். 1964 பிப்ரவரி 9 அன்று ஏறத்தாழ 7.3 கோடிப் பேர் பார்த்தார்கள். இதைக் கணக்குத் தெரியாதவர் செய்த வேலை என்று என்னால் சொல்ல முடியவில்லை.

1967 ஆகஸ்ட் 27 அன்று எப்ஸ்டைன் இறந்தார், வயது 32. 1969-இல் புதிய மேனேஜர் விஷயத்தில் மூவர் ஆலன் க்ளைன் பக்கம், மெக்கார்ட்னி எதிர்ப்பக்கம். 1970 கடைசி நாளில் குழுவின் கூட்டைக் கலைக்கச் சொல்லி மெக்கார்ட்னி வழக்குப் போட்டார். விரிசலுக்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனால் நால்வருக்கும் பொதுவான ஒருவர் அப்போது இல்லை.

உங்கள் மகனின் நண்பனுக்கு வருவோம். பின்னாளில் 25 சதவீதம்வரை எடுத்த எப்ஸ்டைன், 1962 ஜனவரியில் நால்வரும் கையெழுத்திட்ட முதல் ஒப்பந்தத்தில் தன் கையெழுத்தைப் போடவே இல்லை. பிடிக்காவிட்டால் பையன்கள் விலகிப் போகட்டும் என்று விட்டுவைத்தார். அந்த நண்பன் இதுவரை எத்தனை இடத்தில் வாய்ப்புக் கேட்டு அலைந்தான், எத்தனை பேர் வேண்டாம் என்றார்கள் என்று மகனிடம் விசாரியுங்கள். பங்கை அப்புறம் பேசிக்கொள்ளலாம்.